சேமிக்க விடாத கோப்புறையின் வரலாறு

பகிர்வுக் கோப்புறையில் எழுத முடியவில்லை என்ற புகார், லினக்ஸ் புழங்கும் எந்த அலுவலகத்துக்கும் புதிதல்ல. ஒருவர் உருவாக்கிய கோப்பை இன்னொருவர் திறக்கிறார், படிக்கிறார். திருத்திவிட்டுச் சேமிக்கப் போனால் ‘பெர்மிஷன் டினைடு’ என்று திரை கையை விரித்துவிடுகிறது. நிர்வாகி வந்து ஏதோ ஒரு கட்டளையைத் தட்டிச் சரிசெய்துவிட்டுப் போவார். இரண்டு நாளில் புதிதாக உருவான கோப்பில் அதே புகார் முளைக்கும். இதை நிர்வாகியின் தலையில் கட்டுவது வழக்கம். ஆனால் குற்றவாளி அவர் அல்ல. இந்தத் தகராறுக்கு ஐம்பது வயது. ஒரே கணினியைப் பங்குபோட்டுக்கொண்ட சிலருக்காக வகுத்த ஏற்பாடு முதலில் வலைப்பின்னலுக்கு நீட்டப்பட்டது. பிறகு முற்றிலும் வேறு வம்சத்துக் கணினிகளுக்கும் நீட்டப்பட்டது. நீட்டியவர்கள் ஒவ்வொருவரும் தம் காலத்துக் கேள்விக்கு நியாயமான விடையைத்தான் சொன்னார்கள். பழைய விடையை மட்டும் யாரும் எடுத்துப்போடவில்லை. இன்று ஒரு வரியைச் சேமிக்க அத்தனை விடைகளும் ஒருசேர ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

1960-களின் நடுவில் எம்ஐடி, ஜெனரல் எலெக்ட்ரிக், பெல் ஆய்வகம் மூன்றும் கூட்டாக எழுப்பத் தொடங்கிய மல்டிக்ஸில் கோப்புக்குக் கோப்பு ஒரு பெயர்ப்பட்டியல் உண்டு. இன்னார் படிக்கலாம், இன்னார் எழுதலாம் என்று ஆள்வாரியாகச் சொல்லிவிட முடியும். 1969-இல் பெல் ஆய்வகம் அந்தத் திட்டத்திலிருந்து விலகியது. அதே ஆண்டு அந்த ஆய்வகத்தின் கென் தாம்சன் ஒரு பிடிபி-7 கணினியில் யூனிக்ஸைத் தொடங்கியபோது அந்தப் பட்டியலைக் கூட்டிவரவில்லை. 1971 நவம்பர் 3 தேதியிட்ட முதல் கையேட்டில் உலகம் இரண்டாகத்தான் பிரிந்திருக்கிறது: கோப்பின் சொந்தக்காரர், மற்றவர்கள். குழு என்ற ஒன்றே கிடையாது. தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் 1974-இல் ஏசிஎம் இதழில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் பாதுகாப்புக்கு ஏழு பிட்டுகள்: சொந்தக்காரருக்குப் படிக்க, எழுத, இயக்க என மூன்று, மற்றவர்களுக்கு அதே மூன்று, நிரலை அதன் சொந்தக்காரரின் உரிமையோடு ஓடவிடும் செட்யூஐடிக்கு ஒன்று. 1978-இல் அதே கட்டுரை திருத்திய வடிவில் பெல் சிஸ்டம் தொழில்நுட்ப இதழில் வந்தபோது ஏழு பத்தாகியிருந்தது. கூடியிருந்த மூன்றும் குழுவுக்கானவை. சேர்ந்து எழுதுவது என்பது யூனிக்ஸின் அடிப்படைக் கற்பனையில் இல்லை, பிற்சேர்க்கையாக வந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. யூனிக்ஸின் 6ஆம் பதிப்பு வரை பயனர் எண்ணுக்கே ஒரு பைட்தான் ஒதுக்கியிருந்தார்கள்; 256 எண்ணுக்கு மேல் இடமில்லை. அந்த அளவு கூட்டத்துக்கு அந்த ஏற்பாடு போதும்.

குழு வந்தாலும் புதிதாகப் பிறக்கும் கோப்பு யாருடையது என்ற கேள்விக்கு யூனிக்ஸ் சொன்ன விடை மாறவில்லை: உருவாக்கியவருடையது. அது எந்த இடத்தில் வைக்கப்படுகிறது என்பது இரண்டாம்பட்சம். 1979-இல் வெளிவந்த 7ஆம் பதிப்பு யூமாஸ்க் என்ற வடிகட்டியைக் கொடுத்தது. அதன் வழக்கமான மதிப்பு 022. அதன்படி பிறக்கும் கோப்பின் உரிமை 644. சொந்தக்காரர் எழுதலாம், மற்ற எல்லோரும் படிக்கலாம். ஆய்வகத்துப் பண்பாடு அப்படியே எண்ணாகிவிட்டது என்று எனக்குத் தோன்றும். என்னுடையதைப் பார், கை வைக்காதே. 1983-இல் வந்த, யூனிக்ஸின் ஒரு கிளையான 4.2 பிஎஸ்டி ஒருவர் ஒரே நேரத்தில் பல குழுக்களில் இருக்க வழிசெய்தது. அதற்கு முன் குழு மாற வேண்டுமென்றால் நியூகுரூப் என்று தட்டிச் சட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் இங்கேயே குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. பிஎஸ்டியில் புதுக் கோப்பு தான் பிறந்த கோப்புறையின் குழுவை ஏற்கும். சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸில் உருவாக்கியவரின் குழுவை ஏற்கும். இரண்டுக்கும் இடையில் செய்துகொண்ட சமரசம்தான் கோப்புறையின் மேல் போடும் செட்ஜிஐடி பிட். அது இருந்தால் பிஎஸ்டி வழி, இல்லையென்றால் சிஸ்டம் ஃபைவ் வழி. லினக்ஸ் இந்தச் சமரசத்தையே சுவீகரித்தது.

விளைவைக் கிட்டத்தில் பார்ப்போம். ‘கணக்கு’ என்ற குழுவுக்கு 775 உரிமையோடு ஒரு கோப்புறை இருக்கிறது. கமலாவும் செல்வமும் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். கமலா ஒரு கோப்பை உருவாக்குகிறார். செட்ஜிஐடி போடவில்லையானால் அது ‘கமலா’ என்ற அவருடைய சொந்தக் குழுவில் விழும். போட்டு 2775 ஆக்கினால் ‘கணக்கு’ குழுவில் விழும்; ஆனால் யூமாஸ்க் 022 என்பதால் குழுவுக்குப் படிக்கும் உரிமை மட்டுமே. செல்வம் எழுத வேண்டுமானால் யூமாஸ்க் 002 ஆக வேண்டும். அப்படி மாற்றினால் மற்ற இடங்களில் ஆபத்து வராதா? வரக்கூடாது என்பதற்காகத்தான் ரெட் ஹேட் ஆளுக்கொரு தனிக் குழு என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது; வீட்டுக் கோப்புறையில் குழு என்றால் தான் ஒருவரே, ஆகவே 002 பாதகமில்லை. பார்க்கக் கிறுக்குத்தனமாகத் தெரியும் இந்த ஒற்றை ஆள் குழு, கூட்டாக எழுதுவதற்காகவே பிறந்தது. இதையும் செய்த பிறகு செல்வம் தன் வீட்டுக் கோப்புறையிலிருந்து ஒரு கோப்பை எம்வி கட்டளையால் நகர்த்திக் கொண்டுவருகிறார். அது புதிதாகப் பிறக்கவில்லை, இடம்தான் மாறியது; பழைய குழுவையும் பழைய உரிமையையும் சுமந்துகொண்டே வரும். ‘சில கோப்பில் முடிகிறது, சிலதில் முடியவில்லை’ என்ற புகாரில் பாதிக்கு மேல் மர்மம் இவ்வளவுதான்.

இதுவரை சொன்னது ஒரே கணினிக்குள் நடந்த கதை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984-85-இல் என்எஃப்எஸ்ஸைக் கட்டியபோது கோப்பு வலைப்பின்னலில் ஏறியது. ரஸ்டி சாண்ட்பெர்க்கும் சகாக்களும் 1985 கோடை யூஸ்னிக்ஸ் மாநாட்டில் படித்த கட்டுரை இன்றைக்கும் படிக்கத் தக்கது. தங்கள் வடிவமைப்பு எங்கே யூனிக்ஸ் போல் நடந்துகொள்ளாது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார்கள். பயனரின் கணினி சர்வருக்கு அனுப்புவது பெயரை அல்ல, கடவுச்சொல்லையும் அல்ல; யூஐடி (பயனர் எண்), ஜிஐடி (குழு எண்) என்ற எண்களை மட்டும். சர்வர் அதை அப்படியே நம்பும். ஒரு கணினிக்குள் 1001 என்பது ஓர் ஆளைக் குறிக்கும். வலைப்பின்னலில் அது தெருப்பெயர் இல்லாத கதவு எண்; 12ஆம் நம்பர் வீடு எந்தத் தெருவில்தான் இல்லை? கமலா ஒரு கணினியில் 1001 ஆகவும் சர்வரில் 1002 ஆகவும் இருந்தால் சர்வரின் கண்ணில் அவர் வேறொருவர். ரெட் ஹேட் வழியில் வந்தவை பல காலம் 500-லிருந்தும் டெபியன் வழியில் வந்தவை 1000-லிருந்தும் ஆட்களுக்கு எண் கொடுத்துவந்தன. இரண்டும் கலந்த அலுவலகத்தில் எண்கள் ஒத்துப்போனால்தான் அதிசயம். சன் இதை அறியாமல் இல்லை. எல்லாக் கணினிகளுக்கும் ஒரே பயனர் பட்டியல் என்பதற்காகத்தான் யெல்லோ பேஜஸ் என்ற ஏற்பாட்டைக் கூடவே கொடுத்தது. அந்தப் பெயர் பிரிட்டிஷ் டெலிகாமின் வணிகக்குறி என்பதால் பிறகு என்ஐஎஸ் ஆனது. என்எஃப்எஸ் கோப்பைப் பகிர்ந்தது, என்ஐஎஸ் ஆளைப் பகிர்ந்தது. பிற்காலத்தார் முன்னதை மட்டும் எடுத்துக்கொண்டு பின்னதை விட்டுவிட்டதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

என்எஃப்எஸ்ஸின் இன்னொரு முடிவு, சர்வர் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது என்பது. யூனிக்ஸில் கோப்பைத் திறக்கும்போது ஒருமுறை உரிமை பார்த்தால் முடிந்தது; பிறகு யாராவது உரிமையைப் பறித்தாலும் திறந்தவர் எழுதிக்கொண்டே இருக்கலாம். நினைவே இல்லாத சர்வருக்குத் திறத்தல் என்ற நிகழ்ச்சியே தெரியாது. ஒவ்வொரு முறை எழுதும்போதும் புதிதாகச் சோதிக்க வேண்டும். அதனால் பல மென்பொருள்கள் உடையும் என்று, சொந்தக்காரர் என்றால் உரிமை எதுவானாலும் விட்டுவிடு என்ற விதிவிலக்கைச் சேர்த்தார்கள். 1989-இன் ஆர்எஃப்சி 1094 அதைப் பதிவுசெய்கிறது. அடுத்தது ரூட். எந்தக் கணினியின் ரூட்டும் சர்வரில் ரூட்டாகிவிட்டால் கதை முடிந்தது; ஆகவே பூஜ்ஜியம் என்ற எண்ணோடு வருபவரை ‘நோபடி’ ஆக்கிவிடும் வழக்கம் தொடக்கத்திலேயே வந்தது. நியாயமான முன்னெச்சரிக்கை. ஆனால் தன் கணினியில் சர்வ வல்லமை படைத்த ரூட், என்எஃப்எஸ் கோப்புறைக்குள் கால் வைத்ததும் ஏதிலியாகிறார். உரிமையைச் சரிசெய்ய வந்தவருக்கே உரிமை மறுக்கப்படும். மூன்றாவது, பயனரின் கணினி அனுப்பும் அடையாளச் சீட்டில் துணைக் குழுக்களுக்கு 16 இடம்தான். 17ஆவது குழுவில் இருப்பவர் காரணம் தெரியாமல் வெளியே நிற்பார்; ஐடி என்று தட்டினால் அவர் கணினி அவருடைய எல்லாக் குழுக்களையும் சரியாகவே காட்டும். சீட்டை நம்பாமல் குழுக்களைத் தானே பார்த்துக்கொள்ளும்படி லினக்ஸ் சர்வரிடம் சொல்ல ஒரு விருப்பத்தேர்வு இருக்கிறது என்பது தெரியாதவர்கள் ஆட்களைக் குழுக்களிலிருந்து கழற்றிக்கொண்டிருப்பார்கள்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். எண்ணை நம்பியது வெகுளித்தனம், அன்றைக்கே நல்ல வழி இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகம் ஐபிஎம்மோடு சேர்ந்து 1980-களில் உருவாக்கிய ஏஎஃப்எஸ் கோப்புறைக்கு ஒரு பெயர்ப்பட்டியல் வைத்தது. அதில் ஏழு வகை உரிமைகள், கோப்பின் குழு பிட்டுகளை அது சட்டைசெய்வதே இல்லை. எம்ஐடியின் அதீனா திட்டம் கெர்பெரோஸைக் கொடுத்தது. ஆள் யார் என்பதை எண்ணால் அல்ல, சீட்டுக் கொடுத்து நிரூபிக்கும் முறை. ஆனால் கெர்பெரோஸுக்குத் தனி சர்வர் வேண்டும், எல்லாக் கடிகாரங்களும் ஒத்துப்போக வேண்டும், ஒவ்வொரு கணினிக்கும் சாவிக்கோப்பு வேண்டும். பல்கலைக்கழகம் அதைச் சுமக்கும். ஐந்து பேர் வேலை செய்யும் இடம் சுமக்காது. சன் தானே ஒரு நடுவழியாகக் கொண்டுவந்த ‘பாதுகாப்பான ஆர்பிசி’ என்ற முறையின் கணிதத்தை 1991-இல் லமாக்கியாவும் ஒட்லிஸ்கோவும் உடைத்துவிட்டார்கள். எளிய வழி பரவியதற்குக் காரணம் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை; ஆளடையாளத்தைப் பராமரிப்பது கோப்பைப் பராமரிப்பதைவிடச் செலவு கூடிய வேலை, அதை யாரும் இலவசமாகச் செய்துதர மாட்டார்கள். பிறகு வந்த என்எஃப்எஸ் 4ஆம் பதிப்பு எண்ணுக்குப் பதில் பெயரை அனுப்பத் தொடங்கியது என்பது உண்மை. ஆனால் கெர்பெரோஸ் இல்லாத இடத்தில் அந்தப் பெயர் கோப்பு விவரங்களைக் காட்ட மட்டுமே. உரிமையைச் சோதிக்கும் சீட்டில் இன்னும் பழைய எண்கள்தான். திரையில் சொந்தக்காரர் பெயர் சரியாகவே தெரியும், சொந்தக்காரரால் எழுத முடியாது. வெளியே சரியாகக் காட்டி உள்ளே தவறும் இந்த நிலையைக் கண்டுபிடிப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம்.

இதே காலத்தில் பக்கத்து வம்சம் வேறு கேள்வியோடு வளர்ந்தது. ஐபிஎம்மில் பாரி ஃபைகன்பாம் தொடங்கிவைத்த எஸ்எம்பி, மைக்ரோசாஃப்டின் கைக்குப் போய் விண்டோஸின் பகிர்வு மொழியானது. தனி ஆள் கணினிகளுக்கு யூஐடி என்ற ஒன்றே இல்லை. ஆகவே அது வாசலிலேயே பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டது. என்எஃப்எஸ் கணினியை நம்பியது என்றால் எஸ்எம்பி ஆளைக் கேட்டது. ஆஸ்திரேலியாவின் கான்பராவில், தேசியப் பல்கலைக்கழகத்து ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1991-92-இல் எழுதத் தொடங்கிய நிரல் பிற்பாடு சாம்பா என்று பெயர்பெற்றது; எஸ், எம், பி மூன்றும் வரும் சொல்லை அகராதிக் கோப்பில் தேடி எடுத்த பெயர். சாம்பாவின் மேதைமையும் அதன் தலைவலியும் ஒன்றேதான்: அது இரண்டு சட்டங்களையும் ஒருசேர அமல்படுத்துகிறது. வாசலில் எஸ்எம்பி பயனராக அடையாளம் கண்டு, உள்ளே அவரை ஒரு லினக்ஸ் பயனராக மாற்றி, அந்த ஆளாகவே லினக்ஸின் மையமான கர்னலிடம் போய் நிற்கும். சாம்பாவின் அமைப்புக் கோப்பில் எழுதலாம் என்று போட்டாலும் கர்னல் மறுத்தால் மறுத்ததுதான். கர்னல் சம்மதித்தாலும் பகிர்வு படிக்க மட்டும் என்றிருந்தால் அதுவும் போச்சு. ஒன்றும் சொல்லாமல் விட்டால் சாம்பா அப்படித்தான் எடுத்துக்கொள்ளும்.

புதுக் கோப்பின் உரிமைக்குச் சாம்பா வைக்கும் வரம்பான ‘கிரியேட் மாஸ்க்’ முன்னிருப்பாக 0744. இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. குழுவுக்கு எழுதும் உரிமை இல்லை என்பது முதலாவது. விண்டோஸிலிருந்து கமலா வைத்த கோப்பை அதே குழுவின் செல்வம் திருத்த முடியாமல் போவது இதனால்தான். நிர்வாகி யூமாஸ்க்கை எங்கெங்கோ மாற்றிக்கொண்டிருப்பார், அது இங்கே செல்லாது. கிரியேட் மாஸ்க் 0664, டைரக்டரி மாஸ்க் 2775, ஃபோர்ஸ் குரூப் என்று சாம்பாவிடமே சொல்ல வேண்டும். இரண்டாவது ஒரு வேடிக்கை. ஒரு சாதாரண எழுத்துக் கோப்புக்குச் சொந்தக்காரர் பகுதியில் இயக்கும் உரிமை ஏன்? டாஸ் காலத்து ‘ஆர்க்கைவ்’ அடையாளத்தை வைக்க யூனிக்ஸில் இடமில்லாததால் சாம்பா அதைச் சொந்தக்காரரின் இயக்க பிட்டில் ஒளித்துவைத்தது. சிஸ்டம், ஹிட்டன் இரண்டுக்கும் குழுவின், மற்றவர்களின் இயக்க பிட்டுகள். 1980-களின் டாஸ் இன்னும் நம் லினக்ஸ் சர்வரின் உரிமை எண்ணில் குடியிருக்கிறது. எதிர்த் திசையிலும் இதே கதைதான். எஸ்எம்பி பகிர்வை லினக்ஸ் கணினியில் ரூட்டாக மவுன்ட் செய்தால் எல்லாக் கோப்பும் ரூட்டுடையதாகத் தெரியும், மற்றவர் எழுத முடியாது. யூஐடி, ஜிஐடி, ஃபைல் மோட் என்று மவுன்ட் செய்யும்போதே சொல்ல வேண்டும். அங்கே தெரியும் உரிமை எண்கள் பெரும்பாலும் கர்னல் பூசிய வண்ணம். சிஎச்மோட் போட்டுப் பயனில்லை.

மல்டிக்ஸ் விட்டுச்சென்ற பெயர்ப்பட்டியல் கடைசியில் ஏசிஎல் என்ற பெயரில் லினக்ஸுக்கும் வந்தது. போசிக்ஸ் குழு பல ஆண்டுகள் இழுத்து, 17ஆவது வரைவோடு 1998-இல் கைவிட்ட தரத்தை ஆண்ட்ரியாஸ் க்ரூன்பாகர் எடுத்துச் செயல்படுத்தினார். 2002-இல் கர்னலில் சேர்ந்தது. கோப்புறைக்கு டீஃபால்ட் ஏசிஎல் போட்டுவிட்டால், பிறக்கும் கோப்பின் உரிமையை உருவாக்கியவரின் யூமாஸ்க் அல்ல, பிறந்த இடம் தீர்மானிக்கும். முதல் நாளிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு முப்பது ஆண்டு கழித்து வந்த விடை இது. ஆனால் பழைய ஒன்பது பிட்டும் இருந்தாக வேண்டுமே! குழுவின் மூன்று பிட்டுகளை மாஸ்க் என்ற உச்சவரம்பாக மாற்றினார்கள். யாராவது 644 கோப்பு ஒன்றை சிபி கட்டளையால் அந்தக் கோப்புறைக்குள் நகலெடுத்தால் மாஸ்க் படிப்பதோடு நின்றுவிடும். ஏசிஎல் பட்டியலில் குழுவுக்கு எழுதும் உரிமை இருக்கும். பக்கத்தில் ‘எஃபெக்டிவ்’ என்ற சிறு குறிப்பு அது செல்லாது என்று சொல்லும். அந்தக் குறிப்பைப் படிக்காதவர் பட்டியலையே திரும்பத் திரும்பத் திருத்துவார். என்எஃப்எஸ் 4 வேறு வகை ஏசிஎல்லை ஏற்றது, விண்டோஸை ஒட்டியது. அதை லினக்ஸுக்குள் கொண்டுவர க்ரூன்பாகர் முன்வைத்த ரிச்ஏசிஎல் கர்னலில் சேரவேயில்லை. இதற்கு மேல் அமெரிக்காவின் என்எஸ்ஏ 2000-இல் வெளியிட்ட எஸ்இலினக்ஸ் தனியாகத் தன் முத்திரையைக் கேட்கும்; சாம்பா பகிர்வு என்ற முத்திரை கோப்புறையில் இல்லாவிட்டால் மற்ற எல்லாரும் சம்மதித்தும் காரியம் நடக்காது.

இவ்வளவு எதற்கு, 777 போட்டால் தீர்ந்தது என்பார்கள். பாதுகாப்பைப் பற்றிய பயமுறுத்தலை விட்டுவிடுவோம். அது தீர்க்காது என்பதே என் மறுப்பு. கோப்புறைக்குப் போட்ட 777 நாளை பிறக்கும் கோப்புக்கு ஒட்டாது. அது தன் 644-ஓடு பிறக்கும். அதோடு யூனிக்ஸில் ஒரு கோப்பை அழிக்கும் உரிமை கோப்பில் இல்லை, கோப்புறையில் இருக்கிறது. எழுத முடியாதவர் அழிக்க முடியும் என்ற விசித்திர நிலையைத்தான் 777 உண்டாக்குகிறது. வேர்டு போன்ற சில மென்பொருள்கள் சேமிக்கும்போது பழைய கோப்பில் எழுதுவதில்லை. தற்காலிகமாகப் புதியதொன்றை எழுதி, பழையதை நீக்கி, பெயரை மாற்றி வைக்கும். அப்படிச் சேமித்தால் கமலாவின் கோப்பு செல்வத்தின் கோப்பாகிவிடும். மறுநாள் எழுத முடியாமல் நிற்பவர் கமலா. பகிர்வையே படிக்க மட்டும் என்று திறந்திருந்தாலோ 777 ஒரு துரும்பையும் அசைக்காது.

அடுக்குகள் படிந்த வரிசை தெரிந்தால் தேடலுக்கும் ஒரு வரிசை கிடைக்கிறது. முதலில் கேட்க வேண்டியது உரிமை என்ன என்பதல்ல, சர்வருக்கு நான் யாராகத் தெரிகிறேன் என்பது. எழுத முடிகிற ஓர் இடத்தில், பயனரின் கணினியிலிருந்து வெற்றுக் கோப்பு ஒன்றை உருவாக்கிவிட்டு, சர்வரில் போய் அது எந்த எண்ணின் பெயரில் பிறந்திருக்கிறது என்று எல்எஸ் -என் போட்டுப் பார்த்தால் பாதி வழக்கு அங்கேயே தீரும். ‘நோபடி’யின் எண்ணான 65534 வந்தால் ரூட் நசுக்கப்பட்டிருக்கிறார், அல்லது பெயர் பொருத்தம் தவறியிருக்கிறது. எண் சரியென்றால் வழியிலுள்ள ஒவ்வொரு கோப்புறையிலும் நுழையும் உரிமை, பிறகு குழுவும் செட்ஜிஐடியும், பிறகு ஏசிஎல் மாஸ்க், பிறகு என்எஃப்எஸ் எக்ஸ்போர்ட்டோ சாம்பாவோ விதித்த கட்டுப்பாடு, கடைசியாக எஸ்இலினக்ஸ். பெரும்பாலானோர் சிஎச்மோடில் தொடங்கி அங்கேயே சுற்றுவது, நடுவில் இருக்கும் அடுக்கைத் தோண்டிக்கொண்டிருப்பதால்தான்.

கிளவுட் காலத்தில் இதெல்லாம் பழங்கதை என்று ஒரு கடைசி ஆட்சேபம் உண்டு. உலாவியில் ஆவணத்தைத் திறந்து பத்துப் பேர் ஒரே நேரத்தில் திருத்தும்போது யூஐடி யாருக்கு ஞாபகம் வருகிறது? உண்மைதான், அங்கே ஆளடையாளத்தை ஒரே நிறுவனம் தன் கையில் வைத்திருக்கிறது, சன் அன்று என்ஐஎஸ்ஸால் செய்ய முயன்றதை உலக அளவில் செய்கிறது. ஆனால் அந்தச் சேவைகளை எழுதுபவர்கள் தங்கள் கன்டெய்னருக்கு வெளியிலிருந்து ஒரு கோப்புறையை இணைத்த மறுநிமிடம் உள்ளே ஓர் எண், வெளியே ஓர் எண் என்று அதே மறுப்பைச் சந்திக்கிறார்கள். ஒரே கணினிக்குள் 1985-இன் வலைப்பின்னல் சிக்கல் மறுபடி பிறந்தது. இணைக்கும் இடத்திலேயே இந்த எண்ணை அந்த எண்ணாகக் கொள் என்று சொல்லும் வசதி லினக்ஸ் கர்னலில் 5.12 பதிப்போடு, 2021-இல்தான் வந்தது. கோப்பு முறை ஒவ்வொன்றாக அதை ஏற்றுக்கொண்டு வருகிறது.